இதயச் செயலிழப்போடு உடல் பருமனும் இருந்தால்: எடைக்குறைப்பு அறுவைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இரைப்பையைச் சுருக்கும் அறுவை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதயச் செயலிழப்பால், அதாவது உடலுக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ள முடியாமல், இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய வாரங்களில்தான். முந்தைய நாள்வரை இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தவர் இப்போது அரை லிட்டருக்கே திணறுகிறார். நீரை வெளியேற்றும் மாத்திரையோ பழைய அளவிலேயே உள்ளே போகிறது. அந்த இடைவெளியில் ரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீரகம் அடிபடுகிறது. முன்கூட்டியே திட்டமிட்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். நோயாளியும் வீட்டில் உடனிருந்து பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து படிக்க வேண்டிய வழிகாட்டி இது. மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. எதை, எப்போது அவரிடம் கேட்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

எடை இதயத்தை என்ன செய்கிறது

உடல் பெருக்கும்போது அதில் ஓடும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. அவ்வளவையும் தள்ள வேண்டியிருப்பதால் இதயச் சுவர் தடிக்கிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிறது. இதயத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பு, அது விரிவதற்கான இடத்தைக் குறைப்பதோடு அழற்சியையும் தூண்டுகிறது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இரவெல்லாம் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 2002இல் வெளியிட்ட கணக்குப்படி, பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) ஒவ்வொரு எண் கூடும்போதும் இதயச் செயலிழப்பு அபாயம் ஆண்களுக்கு 5 விழுக்காடும் பெண்களுக்கு 7 விழுக்காடும் கூடுகிறது.

இதயச் செயலிழப்பு இரண்டு பெரிய வகையாக வரும். ஒன்றில் இதயம் சுருங்கித் தள்ளும் வலு குறைந்துவிடும். இதய ஸ்கேனான எக்கோ அறிக்கையில் எஜெக்ஷன் ஃபிராக்ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் விழுக்காடு) 40 அல்லது அதற்குக் கீழ் என்றிருக்கும். மற்றொன்றில் அந்த எண் 50க்கு மேலேயே இருக்கும். ஆனால் இதயம் விறைத்துப்போய்ச் சரியாகத் தளராது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். பருமனோடு அதிகம் சேர்ந்து வருவது இந்த இரண்டாவது வகை. அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். 'குண்டாக இருப்பதால்தான் மூச்சு வாங்குகிறது' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இதயத் திணறலைக் காட்டும் பிஎன்பி, என்டி-புரோ பிஎன்பி ரத்தப் பரிசோதனைகள் பருமனானவர்களுக்கு உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும் என்பது இன்னொரு பொறி. எண் 'நார்மல்' என்று வந்தாலும் கால் வீக்கமும், படுத்தால் மூச்சுத் திணறலும் இருந்தால் விரிவான எக்கோ கேட்டு வாங்குங்கள்.

முதலில் எடையைச் சரியாக அளந்துகொள்ளுங்கள்

உடலில் நீர் தேங்கியிருக்கும்போது எடுத்த எடையை வைத்து பிஎம்ஐ கணக்கிடுவது பரவலாக நடக்கும் பிழை. 162 செ.மீ. உயரமுள்ள ஒருவர் கால் வீங்கி 104 கிலோ இருக்கிறார் என்றால் பிஎம்ஐ 39.6. நீர் மாத்திரையில் வீக்கம் வடிந்து 95 கிலோவுக்கு வந்தால் அதே ஆளுக்கு 36.2. மருத்துவ முடிவும் காப்பீட்டு முடிவும் இந்த எண்ணைத் தொற்றியே நிற்பதால், வீக்கம் வடிந்த பிறகான எடையையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதுவே உங்கள் 'உலர் எடை'. காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடுமுன், அதே தராசில், அதே அளவு துணியோடு எடுத்துக் குறித்துவையுங்கள்.

கூடவே இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள். இதயச் செயலிழப்பு வந்தபின் பருமனானவர்களே அதிக நாள் வாழ்கிறார்கள் என்றொரு பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. பிஎம்ஐயை விட்டு, இடுப்பையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தச் சாதகம் மறைந்துவிட்டது. அந்தப் பேச்சை நம்பி எடைக் குறைப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிஎம்ஐ 35க்கு மேலிருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் பன்னாட்டு, அமெரிக்க எடைக்குறைப்பு அறுவைச் சங்கங்கள் சேர்ந்து வழிகாட்டின. குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடும் ஆசியர்களுக்கு அந்த எல்லை 27.5.

ஊசியா, அறுவையா

எஜெக்ஷன் ஃபிராக்ஷன் குறையாத இரண்டாவது வகைக்கு, எடை குறைக்கும் ஊசி மருந்துகளில் நல்ல சான்று வந்திருக்கிறது. வாரம் ஒருமுறை செமாகுளூடைடு போட்டுக்கொண்டவர்கள் ஓராண்டில் சராசரியாக 13 விழுக்காடு எடை குறைந்து, மூச்சிரைப்பும் குறைந்து, கூடுதல் தூரம் நடந்தார்கள் என்பது 2023இல் வெளியான முடிவு. 2024இல் டிர்செபடைடு ஆய்வில் இதய மரணம் அல்லது இதயச் செயலிழப்பு முற்றுதல் 38 விழுக்காடு குறைந்தது. ஆகவே இந்த வகைக்காரர்கள், குறிப்பாக பிஎம்ஐ 35க்குள் இருப்பவர்கள், அறுவைக்கு முன் இந்த வாய்ப்பைப் பேசிப் பார்ப்பதே சரி. இதயத்தின் தள்ளும் வலு மிகவும் குறைந்தவர்களுக்கு அதே நம்பிக்கையோடு இந்த ஊசிகளைச் சொல்ல முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளூடைடு அவர்களிடம் சோதிக்கப்பட்டபோது பலன் தெரியவில்லை. இதயத் துடிப்பு கூடியது.

அறுவை கொடுக்கும் எடைக் குறைவு இதைவிடப் பெரிது, நீடிப்பதும் அதிகம்: ஓரிரு ஆண்டில், இரைப்பையை வெட்டிச் சுருக்கும் ஸ்லீவ் அறுவையில் மொத்த எடையில் கால்வாசி, குடலையும் மாற்றி இணைக்கும் இரைப்பை பைபாஸில் ஏறக்குறைய 30 விழுக்காடு. ஸ்வீடனில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட 25,000க்கும் மேற்பட்டவர்களை, தீவிர உணவுத் திட்டத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, புதிதாக இதயச் செயலிழப்பு வருவது ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆனால் அது வராமல் தடுப்பதற்கான சான்று. ஏற்கெனவே வந்துவிட்டவர்களில் அறுவையின் பலனைச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பலரின் இதய வலு கூடியது, மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது என்று அவை காட்டுகின்றன. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

எங்கள் கணிப்பில் அறுவை மிகத் தெளிவாக உதவும் ஒரு கூட்டம் உண்டு. இதய மாற்று தேவைப்பட்டும், பிஎம்ஐ 35க்கு மேல் இருப்பதால் பட்டியலில் சேர முடியாமல் நிற்பவர்கள் அவர்கள். எடை இறங்கினால் பட்டியலின் கதவு திறக்கும். சிலருக்கு இதயமே தேறி, மாற்று தேவைப்படாமலும் போயிருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு அறுவை செய்ய, இதய மாற்றுக் குழுவும் எடைக்குறைப்புக் குழுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மருத்துவமனையே வேண்டும்.

இப்போது அறுவை கூடாதவர்கள்: படுத்தால் மூச்சுத் திணறி, நீர் வடியாத நிலையில் இருப்பவர்கள், இதய நோயால் தசை கரைந்து மெலிந்துவருபவர்கள், சிகிச்சை பெறாத மது அடிமைத்தனமோ கடுமையான மனநலப் பாதிப்போ உள்ளவர்கள். இதயத் தமனியில் மருந்து பூசிய ஸ்டென்ட் குழாய் வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள் காத்திருக்க வேண்டும். மாரடைப்புக்காக வைத்ததென்றால் ஓராண்டு.

ஸ்லீவா, பைபாஸா

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்படும், குடலைத் தொடுவதில்லை. நேரம் குறைவு, மாத்திரைகள் உடலில் சேர்வதில் மாற்றமும் குறைவு. இதயம் மிகப் பலவீனமானவர்களுக்குப் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுப்பது இதனால்தான். இரைப்பை பைபாஸில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை மட்டும் விடப்பட்டுக் குடல் மாற்றி இணைக்கப்படும். சர்க்கரை கடுமையாக இருந்தாலும், நெஞ்செரிச்சல் அதிகமிருந்தாலும் இதுவே நல்லது. இரண்டும் முடியும் என்றால், உங்கள் மாத்திரைப் பட்டியலின் நீளமும் முடிவில் பங்கு வகிக்கட்டும். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுப்பது), டிகாக்சின் (இதயத்துக்கானது) போன்றவை இருந்தால் ஸ்லீவ் பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு.

காப்பீடு

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி வயது 18 அல்லது அதற்கு மேலிருந்து, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35 அல்லது அதற்கு மேலிருந்து, எளிய வழிகள் பலிக்காத நிலையில், பருமனால் வந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். ஆகவே இதய மருத்துவரின் கடிதத்தில் 'இதய நோய்' என்று பொதுவாக எழுதினால் போதாது. பருமனால் வந்த இதயத்தசை நோய் உங்களுக்கு இருந்தால் அது அந்தப் பெயராலேயே இருக்கட்டும்; எக்கோ அறிக்கையும், முன்பு முயன்ற உணவுத் திட்டங்களின் பதிவும் இணைந்திருக்கட்டும். மருத்துவ வழிகாட்டியின் 27.5க்கும் காப்பீட்டின் 35க்கும் நடுவில் இருப்பவர்கள் கைப்பணம் கட்ட நேரும். காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும். முன்அனுமதி வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.

அறுவைக்கு முந்தைய ஆறு வாரம்

புகைப்பவர் இன்றே நிறுத்த வேண்டும். குறட்டை, பகல் தூக்கம் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்து, மூச்சுப்பாதை மூடாமல் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியைச் சில வாரங்களாவது வீட்டில் பழகி, அறுவை நாளில் கையோடு கொண்டுபோக வேண்டும். எக்கோ, இசிஜி, சிறுநீரகம், பொட்டாசியம், இரும்புச் சத்து, பி12, டி வைட்டமின் எல்லாம் பார்த்து, குறைவை இப்போதே ஈடுகட்டுவது எளிது. பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐசிடி கருவியோ உடலில் இருந்தால் அறுவைக்கு முன்பும் பின்பும் அதைச் சரிபார்க்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். மின்கத்தி அதைக் குழப்பும்.

வலு குறைந்த இதயம் என்றால் நான்கு அடிப்படை மருந்துகளும் தாங்கும் அளவுவரை ஏற்றப்பட்டு, நிலைமை சில வாரமாவது சீராக இருக்க வேண்டும்: சாகுபிட்ரில்-வால்சார்டான் போன்றது, துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் அல்லது எப்லெரினோன், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின்.

இந்த நான்காவது மருந்தில் கவனம் வேண்டும். டாபாகிளிஃப்ளோசினையும் எம்பாகிளிஃப்ளோசினையும் அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன் நிறுத்த வேண்டும். கல்லீரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் நாளுக்கு 800 முதல் 1,000 கலோரி உணவு கொடுப்பார்கள். மாவுச்சத்து குறைந்த அந்த உணவோடு இம்மாத்திரையும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருக்கும் என்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை. குமட்டல், வயிற்று வலி, வேக மூச்சு வந்தால் சர்க்கரையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் ரத்தக் கீட்டோனைப் பார்க்கச் சொல்லுங்கள். உணவுத் திட்டம் தொடங்கும் நாளிலேயே மாத்திரையை நிறுத்தலாமா என்று கேளுங்கள். அறுவைக்குப் பின் உணவும் நீரும் போதுமான அளவு உள்ளே போகும்வரை மீண்டும் தொடங்கக் கூடாது.

பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அறுவை நாள் காலையிலும் ஒரு வாய் நீரோடு போடச் சொல்வார்கள். சாகுபிட்ரில்-வால்சார்டானையும் நீர் மாத்திரையையும் அன்று காலை பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள். எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர் கடைசி ஊசியின் தேதியை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிறு காலியாகத் தாமதமாவதால் மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

முதல் ஆறு வாரம்

வீடு திரும்பும்போது மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: அன்றைய எடை, ஓய்விலிருக்கும்போது நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம். இனி எல்லா ஒப்பீடும் அவற்றோடுதான்.

*நீர்.* 15 நிமிடத்துக்கு ஒருமுறை 30 மி.லி. என்று பருகினால் மணிக்கு 120 மி.லி.; 12 மணி நேரத்தில் 1.4 லிட்டருக்கு மேல் வந்துவிடும். இதயச் செயலிழப்புக்காரருக்குச் சொல்லப்படும் ஒன்றரை லிட்டர் எல்லைக்கும், அறுவைக்குப்பின் தேவையான குறைந்தபட்சத்துக்கும் இது பொருந்தும் அளவு. மருந்துக்கடையில் கிடைக்கும் 30 மி.லி. அளவுக் குவளை ஒன்றை வைத்துக்கொண்டு, குடித்ததைக் கோடு போட்டுக் கணக்கு வையுங்கள். நாளுக்கு 800 மி.லி. கூடத் தாண்டவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகக் குறைவாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அன்றே மருத்துவமனையை அழையுங்கள். அடுத்த வேளை நீர் மாத்திரையைப் போடலாமா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

*நீர் மாத்திரை.* ஃபுரோசமைடு, டார்செமைடு எதுவானாலும் பழைய சீட்டைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். பலருக்கு இது பாதியாகக் குறையும், சிலருக்குச் சில நாள் நின்றேவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் புதிய அளவு எழுதப்படாவிட்டால் கேட்காமல் கிளம்பாதீர்கள். சிறுநீரகமும் பொட்டாசியமும் முதல் வாரத்திலேயே ஒருமுறை, பிறகு இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று பார்க்கப்பட வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து நீர் தங்காத நாளில் நீர் மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன், சாகுபிட்ரில்-வால்சார்டான், மெட்ஃபார்மின் எவற்றை நிறுத்திவைப்பது என்ற பட்டியலையும் முன்பே எழுதி வாங்கிவையுங்கள்.

*எடை.* மூன்று நாளில் 2 கிலோ கூடினால் மருத்துவரைக் கூப்பிடு என்பது பழக்கமான விதி. அறுவைக்குப் பின் அது மட்டும் போதாது. கொழுப்பு கரைந்து எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒன்றிரண்டு லிட்டர் நீர் தேங்கினால் தராசில் எடை கூடாது. இறங்காமல் நிற்கும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம்போல எடை சில நாள் நிற்பது அறுவை செய்த பலருக்கும் இயல்பு என்பதால் இரண்டும் குழம்பும். பிரித்தறிய உடலைப் பாருங்கள். எடை நின்றும் மூச்சு இலேசாக இருந்தால், கால் வற்றியிருந்தால் கவலை வேண்டாம். எடை நின்றதோடு கூடுதலாக ஒரு தலையணை தேவைப்பட்டால், கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், இரவில் இருமல் வந்தால் அது நீர்தான். உலர் எடையையும் வாரந்தோறும் புதிதாகக் குறிக்க வேண்டும். முன்பு குறித்த எண் பயன்படாது.

*நாடி.* வெட்டித் தைத்த இடம் கசிந்தால் முதல் அடையாளம் நாடி 120ஐத் தாண்டுவது. பைசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் போடுபவருக்கு நாடி அவ்வளவு ஏறாது. 95, 100 என்று நின்றுவிடும். அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. ஆகவே வீடு திரும்பிய நாளின் எண்ணைவிட 20க்கு மேல் கூடி இறங்காமலிருந்தால், கூடவே காய்ச்சல், இடது தோள் வலி, மூச்சிரைப்பு ஏதேனும் இருந்தால், அவசரப் பிரிவுக்குப் போய் 'நான் பீட்டா பிளாக்கர் போடுகிறேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது ரத்தக்கட்டியைக் காட்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதால் ரத்தக்கட்டுத் தடுப்பு ஊசியை வீட்டிலும் தொடரச் சொன்னால் ஒருநாளும் விடாதீர்கள்.

*அடுப்படி.* தொடக்கத்தில் தெளிந்த திரவம், பிறகு மோர், பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், அதன்பின் மசித்த உணவு என்று படிப்படியாகப் போகும். இங்கே நம் வீடுகளில் நடக்கும் தவறு இளநீர். 'உடம்புக்கு நல்லது' என்று வருகிறவரெல்லாம் வாங்கி வருவார்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. ஸ்பைரனோலாக்டோனும் சாகுபிட்ரில்-வால்சார்டானும் போடுபவருக்கு, சிறுநீரகம் சற்றே சுணங்கியிருக்கும் இந்த வாரங்களில், அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பும் அப்படித்தான். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ஓஆர்எஸ் கரைசலிலும் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு இருக்கிறது. மருத்துவர் சொன்னால் மட்டுமே. நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டுமென்றால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் வீட்டில் மற்றவர் தட்டிலும் குறைவது நல்லது.

புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம். திட உணவுக்கு வந்தபின் இரண்டு முட்டை, 200 மி.லி. பால், சமைத்த மீன் 100 கிராம், பன்னீர் 50 கிராம் சேர்ந்தால் ஏறத்தாழ 50 கிராம். மிச்சத்துக்குப் புரதப் பொடி. பொடி டப்பாவில் சோடியம், பொட்டாசியம் அளவைப் படித்து வாங்குங்கள். சோறும் இட்லியும் பசைபோல் உருண்டு அடைத்துக்கொள்ளும். அவை கடைசியில் வரட்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

மாத்திரைகள் உடலில் சேரும் விதம்

இரைப்பை பைபாஸ் ஆனவருக்கு, பெயரின் பின்னால் எக்ஸ்எல், எஸ்ஆர், சிஆர் என்று முடியும் மெல்லக் கரையும் மாத்திரைகள் முழுமையாகச் சேராமல் போகலாம். மெட்டோப்ரோலால் அப்படி வருவதால் சாதாரண வகைக்கு மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். மெல்லக் கரையும் மாத்திரையை நீங்களாக நசுக்கக் கூடாது. மொத்த மருந்தும் ஒரே வேகத்தில் இறங்கும். வார்ஃபரின் போடுபவருக்கு முதல் வாரங்களில் குறைந்த அளவே போதுமானதாகிவிடும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை வாரந்தோறும் பார்க்காவிட்டால் ரத்தக்கசிவு வரும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மாத்திரைகளான அபிக்சபான், ரிவராக்சபான் உடலில் சேர்வது தொடக்கத்தில் நிச்சயமில்லை என்பதால் சிலகாலம் ஊசிக்கோ வார்ஃபரினுக்கோ மாற்றுவதுண்டு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இனி வேண்டவே வேண்டாம். அவை நீரைத் தேக்கி இதயத்தைக் கெடுக்கும், இணைத்த இடத்தில் புண்ணும் உண்டாக்கும்.

தயமின்: மறந்தால் உயிருக்கே ஆபத்து

பி1 எனப்படும் தயமின் உடலில் சில வாரத்துக்கே இருப்பு இருக்கும். அறுவைக்குப்பின் உணவு குறைவு, இடைவிடாத வாந்தி, கூடவே ஃபுரோசமைடு சிறுநீரில் தயமினை வெளியேற்றுவது என்று மூன்றும் சேரும் இடத்தில் நிற்பவர் இதயச் செயலிழப்பு நோயாளி. தயமின் தீர்ந்தால் வருவது ஈர பெரிபெரி. அதன் அடையாளமே கால் வீக்கமும் மூச்சுத் திணறலும். 'பழைய இதய நோய்தான் முற்றுகிறது' என்று நினைத்து நீர் மாத்திரையைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். வாந்தி சில நாள் தொடர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ தயமின் ஊசி கேளுங்கள். சிறிய கிளினிக்கில் 'சோர்வுக்கு' குளுக்கோஸ் டிரிப் ஏற்ற முன்வந்தால், அதற்கு முன் தயமின் போடப்பட வேண்டும். குளுக்கோஸ் எஞ்சியிருக்கும் தயமினையும் தீர்த்துவிடும்.

மற்றவை வாழ்நாள் முழுக்க: மல்டிவைட்டமின், பி12, இரும்பு, டி வைட்டமின், நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம். கால்சியம் சிட்ரேட் வடிவில் நல்லது. இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எடை வேகமாகக் குறைவதால் வரும் பித்தக்கல்லைத் தடுக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் ஆறு மாதம் கொடுப்பதுண்டு.

ஆறு மாதத்துக்குப் பிறகு

எக்கோவைத் திரும்ப எடுக்கும் நேரம் இது. எஜெக்ஷன் ஃபிராக்ஷன் 30இலிருந்து 50க்கு வந்திருந்தால் மகிழ்ச்சிதான். அப்போது வரும் ஆசை, 'இதயம் சரியாகிவிட்டது, மாத்திரையை விடலாமே' என்பது. இதயத்தசை நோயிலிருந்து தேறியவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. ரத்த அழுத்தம் மேல் எண் 90க்குக் கீழ் இறங்கித் தலை சுற்றினால் முதலில் குறைக்க வேண்டியவை இதயத்துக்காகக் கொடுக்கப்படாத ரத்த அழுத்த மாத்திரைகளும், தேவை தீர்ந்த நீர் மாத்திரையும். நான்கு அடிப்படை மருந்துகளைத் தொடுவது கடைசி. சிபாப் அழுத்தமும் எடைக்கேற்ப மாற வேண்டும். தூக்கப் பரிசோதனையைத் திரும்பச் செய்யாமல் கருவியை ஓரங்கட்டாதீர்கள்.

பெண்கள் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். பைபாஸுக்குப்பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. சாகுபிட்ரில்-வால்சார்டானும் ஸ்பைரனோலாக்டோனும் கருவுக்கு ஆகாது. பலவீனமான இதயத்தோடு கர்ப்பம் பாதுகாப்பானதா என்பதை இதய மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் பேசி முடிவு செய்த பிறகே கருத்தடையை நிறுத்துங்கள்.